அக்கா விட்டுப்போன கிருமி

1

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், சாயம் ஏற்றிய ஜெல்லை வெளிச்சப் பெட்டியின் மேல் வைத்துப் பார்த்தேன். மருத்துவமனையிலிருந்து வந்த கிருமிகளின் வெளிச்சவ்வைப் பிரித்து, அதிலுள்ள புரதங்களை ஜெல்லில் ஓடவிட்டிருந்தோம். ஒவ்வொரு கிருமிக்கும் ஒரு வரிசை, வரிசைக்குள் நீலக் கோடுகள். ஒரு வரிசையில் மட்டும், மற்ற எல்லாவற்றிலும் பளிச்சென்று தெரிகிற இரண்டு கோடுகளைக் காணோம். அவற்றுக்குக் கீழே இருக்கும் கோடு வழக்கம்போலத் தடியாக இருந்தது. மேலே இரண்டும் சுத்தமாக இல்லை.

"ஓ, இது கதவை அடைத்துக்கொண்ட ஆள்" என்றாள் என் பக்கத்து மேசை ஸ்வீடன்காரி, காபியை உறிஞ்சிக்கொண்டே. நான் குனிந்து அந்த வரிசையின் எண்ணை மறுபடி பார்த்தேன். வெளியே பனி உருகி நடைபாதையெல்லாம் சேறாகிக் கிடக்கும் மாதம் இது. போன வருஷம் இதே சேற்றில் வழுக்கிக்கொண்டுதான் அக்காவைப் பார்க்க மருத்துவமனைக்கு ஓடினேன்.

கிருமி வருகிற குழாயின் மேல் ஓர் எண் மட்டும் இருக்கும். பெயர், ஊர், வயது எதுவும் எங்களுக்குத் தெரியக்கூடாது. இந்த நாட்டில் அது சட்டம், நல்ல சட்டமும்கூட. ஆனால் அன்றைக்கு அந்தச் சட்டத்தை மனசுக்குள் நன்றாகத் திட்டினேன்.

2

என் வேலையை ஊரில் விளக்கிச் சொல்லி நான் ஜெயித்ததே இல்லை. திண்டுக்கல்லில் யாரைக் கேட்டாலும், "ஜீனத்தா? அவ வெளிநாட்டுல கிருமி வளக்குறா" என்பார்கள். கோழிப்பண்ணை வைத்திருப்பவளைப் பற்றிச் சொல்கிற தொனி. ஆகவே இங்கேயே சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் குடலில் வாழ்கிற சில வகைக் கிருமிகளுக்கு இரண்டு சவ்வுகள் உண்டு, ஒன்றின் மேல் ஒன்றாக. வெளிச்சவ்வில் புரதங்கள் பதிந்திருக்கும். கிருமி நம்மை என்ன செய்யும் என்பதில் பாதி இந்தப் புரதங்களின் கையில் இருக்கிறது. குடலை விட்டுச் சிறுநீர்ப்பாதைக்குள் புகுந்தால், சில புரதங்கள் அதன் உள்சுவரைப் பிடித்துக்கொள்ள உதவும். பிடி இல்லாவிட்டால் சிறுநீரோடு சிறுநீராகக் கிருமி வெளியே போய்விடும், நமக்கு நோயே வராது. சில புரதங்கள் நம் ரத்தம் அனுப்புகிற காவல் படையிடமிருந்து அதைக் காப்பாற்றும். இன்னும் சில, குழாய் மாதிரித் துளை உள்ளவை. அவைதான் வாசல், ஜெல்லில் காணாமல்போன இரண்டு கோடுகளும் அவைதான். கிருமிக்குச் சாப்பாடு அந்த வழியாகத்தான் போகிறது. நாம் கொடுக்கிற மருந்தில் முக்கால்வாசியும் அதே வழியாகத்தான் போகவேண்டும்.

மருந்து அரைகுறையாக வந்துகொண்டே இருந்தால், கோடிக்கணக்கான கிருமிகளில் எதேச்சையாக வாசலை இழந்த ஒன்றிரண்டு பிழைத்துக்கொள்ளும். மற்றவை செத்துப்போக, இடம் முழுக்க இவற்றின் பிள்ளைகுட்டிகள். வாசலை அடைத்ததால் இவற்றுக்குச் சாப்பாடும் குறைவுதான். மெதுவாக, நோஞ்சானாக வளரும். ஆனால் உயிரோடு இருக்கும். திண்டுக்கல்காரி இந்த இடத்தில் பூட்டை இழுத்துப் பேசுவாள் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். பேசமாட்டேன், அதை ஊரில் ஏற்கெனவே எல்லாரும் பேசித் தீர்த்துவிட்டார்கள்.

3

இங்கே நம்மவர் வீடு எதற்குப் போனாலும் நீல நிறத்தில் ஒரு வட்டமான பிஸ்கட் டப்பா இருக்கும். ஆசையாகத் திறந்துவிடாதீர்கள். உள்ளே மாத்திரை. ஊரிலிருந்து வருகிற எல்லாருடைய பெட்டியிலும் மசாலாப் பொடிக்கும் அல்வாவுக்கும் நடுவே மாத்திரை வரும். இந்த நாட்டு டாக்டரிடம் போனால், "தண்ணீர் குடியுங்கள், ஓய்வெடுங்கள், பாரசிட்டமால் போடுங்கள்" என்று அனுப்பிவிடுவார். ஆன்டிபயாட்டிக் எழுதுவதென்றால் சொந்தச் சொத்தை எழுதிவைக்கச் சொன்னதுபோல யோசிப்பார். இதில் நம் ஆட்களுக்கு மகா வருத்தம். என் கணவர் சலீம் அந்த வருத்தக்காரர்களின் தலைவர்.

"ஊர்ல ஒரு செட் மாத்திரை போட்டா மறுநாள் எந்திரிச்சு வேலைக்குப் போயிருவோம். இவங்க என்னடான்னா டீ குடிங்கறாங்க" என்பார். நான் வாசல், புரதம் என்று ஆரம்பித்தால், "கிருமி மேடம் பாடம் எடுக்குறாங்க, எல்லாரும் உக்காருங்க" என்று விருந்தாளிகளைக் கூப்பிடுவார். எங்கள் வீட்டு டப்பாவை நான் குப்பையில் போட்டேன். அது எப்படியோ காலணி அலமாரிக்குள் மறுபிறவி எடுத்தது.

'ஒரு செட்' என்பதை வெளியூர் வாசகருக்காகச் சொல்கிறேன். மெடிக்கல் ஷாப்பில் போய் நின்று, உடம்புக்கு இன்னது என்றால், கடைக்காரர் இரண்டு மூன்று அட்டைகளை எடுத்து, கத்தரிக்கோலால் இரண்டு மாத்திரை அளவுக்கு வெட்டி, சின்னக் காகிதக் கவரில் போட்டுத் தருவார். காலைக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று. கேட்டால் கேட்கும், கேட்காவிட்டால் மறுபடி வரலாம்.

4

ரஹிமா அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் பெண்கள் பகுதிக்கு மேற்பார்வையாளர். விடியற்காலையில் மில் பஸ் ஏறினால் சாயங்காலம்தான் வீடு. இத்தனை வருஷ வேலையில் அவள் கற்றுக்கொண்ட ஒரு வித்தை, தண்ணீர் குடிக்காமல் இருப்பது. அவள் பகுதியில் வேலை செய்கிற பெண்கள் எல்லாருக்கும் அந்த வித்தை தெரியும். மெஷினை விட்டுப் போகவேண்டுமானால் மாற்றாள் வேண்டும், பஸ்ஸில் போகும்போது இறங்க முடியாது. பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோவார்கள், பெரும்பாலும் அப்படியே திரும்பக் கொண்டுவருவார்கள்.

வருஷக்கணக்காகச் சேர்த்துவைத்த விடுப்பை மொத்தமாகப் போட்டு, போன வருஷம் என்னிடம் வந்திருந்தாள். முதல் வெளிநாட்டுப் பயணம். விமானத்தில் வந்த அலுப்புக்கூடத் தீராமல் எங்கள் சமையலறையைக் கைப்பற்றிக்கொண்டாள். என் மகள் நூராவுக்குப் பதினான்கு வயது. தமிழ் புரியும், ஆனால் வாயிலிருந்து வருவதற்குள் ஸ்வீடிஷ் முந்திக்கொள்ளும். பள்ளி விட்டு வந்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிற பிள்ளை, பெரியம்மா வந்தபிறகு வெளியே வந்து உட்கார்ந்தது. நான் கூப்பிட்டு வராதவள், தால்சா வாசனைக்கு வந்தாள். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

ஒருநாள் ஆய்வகத்தில் இருந்தபோது நூராவிடமிருந்து போன்.

"அம்மா, பெரியம்மா நடுங்குது. ரொம்பச் சூடா இருக்குது."

பின்னால் அக்காவின் குரல் கேட்டது. "நடுங்குதா? நான் என்ன ஆட்டுக்குட்டியாடி? நடுங்குறாங்கன்னு சொல்லு." சொல்லும்போதே அவளுக்குப் பல் கிட்டித்தது. அதைக் கேட்டதும் நான் கையுறையைக் கழற்றிவிட்டேன்.

5

சிறுநீரகம் வரை தொற்று ஏறியிருக்கிறது, ரத்தத்திலும் கலந்திருக்கலாம் என்றார் டாக்டர். இளைஞர், பொறுமையானவர். எந்த நாட்டிலிருந்து வந்தவர் என்று கேட்டவுடனே அடுத்த கேள்வியாக, சமீபத்தில் ஆன்டிபயாட்டிக் எடுத்தாரா என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார். குடும்பத்தார் மொழிபெயர்க்கக்கூடாது, அது விதி. போனில் மொழிபெயர்ப்பாளர் வருவார்.

வந்தார். யாழ்ப்பாணத்துப் பெண்குரல், பாந்தமாக இருந்தது.

"வணக்கம் அம்மா. நீங்கள் இதுக்கு முன்னம் ஏதும் மருந்து எடுத்தனீங்களோ?"

அக்கா டாக்டரின் முகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இல்லம்மா. ஒண்ணும் எடுக்கல."

"இப்பிடி எரிவு, கடுப்பு முந்தியும் வந்ததோ?"

"அதெல்லாம் இல்ல. நல்லாத்தான் இருந்தேன். இங்க வந்த குளிருதான்."

அந்தப் பழி ஸ்வீடன் குளிரின் தலையில் விழுந்தது. மொழிபெயர்ப்பாளர் சொன்னதைச் சொன்னபடி டாக்டரிடம் சேர்த்தார். அவர் கணினியில் 'இல்லை' என்று பதிந்தார். வழக்கமாகக் கொடுக்கிற மருந்தை நரம்பில் ஏற்றினார்கள்.

மறுநாள் காய்ச்சல் இறங்கவில்லை. ரத்த அழுத்தம் இறங்கியது. கிருமியை வளர்த்து எந்த மருந்துக்குச் சாகும் என்று கண்டுபிடிக்க இன்னும் நேரமாகும். அதுவரை குருட்டாம்போக்கில்தான் கொடுக்கவேண்டும். தப்பான மருந்தில் ஒருநாள் போனால் அந்த ஒருநாள் கிருமிக்குச் சொந்தம். இது எனக்குத் தெரிந்த அளவுக்கு அந்த வராந்தாவில் இருந்த வேறு எந்த உறவினருக்கும் தெரிந்திருக்காது. தெரிந்து என்ன செய்ய? அக்காவின் கால் வீங்க ஆரம்பித்திருந்தது. நான் தண்ணீர் இயந்திரத்துக்கு முன்னால் நின்று அழுதேன்.

6

அவளுக்கு மாற்று நைட்டி எடுக்க வீட்டுக்கு வந்தேன். பெட்டியின் ஓரத்தில், துப்பட்டாவுக்குள் சுற்றி, காகிதக் கவர்கள் இருந்தன. கொட்டினேன். வெட்டிய அட்டைத் துண்டுகள். ஒவ்வொன்றிலும் இரண்டு மாத்திரைக்கான குழி. சிலதில் ஒன்று தின்றது போக ஒன்று மிச்சம். எரிச்சல் நின்றதும் நிறுத்திவிட்டு, அடுத்த தடவைக்கு என்று பத்திரப்படுத்தியிருக்கிறாள்.

புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். ஒரு துண்டில்கூட மருந்தின் முழுப் பெயர் இல்லை. ஒன்றில் கடைசி இரண்டு எழுத்து, இன்னொன்றில் 'குழந்தைகள் கைக்கு எட்டாத' என்பதில் பாதி. பெயர் இருந்த பாகம் திண்டுக்கல்லில் வேறு யாருடைய வீட்டுக்கோ போயிருக்கும்.

மருத்துவமனைக்குத் திரும்பி அவற்றைக் கட்டில் மேல் வைத்தேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"எம்புட்டு நாளா இருக்கு?"

"ரெண்டு மூணு வருசமா வந்து வந்து போகுதுடி."

"நேத்து கேட்டாகல்ல? ஏன் சொல்லல?" நான் கத்தியிருக்கக்கூடாது, ஆனால் கத்தினேன். பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார்.

"ஆம்பள டாக்டருட்ட எப்படிச் சொல்றது" என்றாள். உதட்டை நனைத்துக்கொண்டு மிச்சத்தையும் சொன்னாள். "அதுவுமில்லாம, நீ இந்த ஊருல இந்தக் கிருமிக்குத்தான் பெரிய ஆளு. உன் அக்காளே ஒண்ணத் தூக்கிட்டு வந்துட்டான்னு தெரிஞ்சா உனக்குக் கேவலமில்லையா? நான் ஊருக்குப் போயிப் பாத்துக்கலாம்னு இருந்தேன்."

எனக்குக் கோபமெல்லாம் போய்விட்டது. இரவல் மானம் ஒன்றைக் காப்பாற்ற இவள் உயிரைக் கொடுக்கத் தயாராகிவிட்டாளே. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, என் மானத்துக்கு ஒன்றும் ஆகாது, நீ இருந்தால் போதும் என்று சொன்னேன். வார்த்தை கோணல்மாணலாகத்தான் வந்தது.

கவரில் மெடிக்கல் ஷாப்பின் போன் நம்பர் இருந்தது. திண்டுக்கல்லில் அப்போது கடையில் கூட்டம் மொய்க்கிற நேரம். பின்னால் பஸ் ஹாரன். கடைக்காரர் முதலில் மழுப்பினார்.

"அது சாதாரண மாத்திரைதாம்மா. எல்லாருக்கும் குடுக்குறதுதான்."

"அண்ணே, அக்கா ஆஸ்பத்திரில கெடக்கு. ரத்தத்துல ஏறிருச்சு. மாத்திரை பேரு மட்டும் சொல்லுங்க."

ஹாரன் சத்தம் நின்றது. கடைக்குள்ளே போயிருக்கவேண்டும். குரல் மாறிவிட்டது.

"ரஹிமா அக்காவுக்கா? யா அல்லா... மொதல்ல ஒண்ணு குடுத்தேன், கேட்டுச்சு. அப்புறம் கேக்கலன்னாக, பவரக் கூட்டிக் குடுத்தேன். போன ரம்ஜானுக்கு அப்புறம் அதவிடப் பெருசு. டாக்டருகிட்டப் போங்கக்கான்னு சொன்னேன்மா, ரெண்டு வாட்டி சொன்னேன். லீவு கெடைக்காதுன்னாக. இருங்க, அட்டையப் போட்டோ எடுத்து அனுப்புறேன்."

மூன்று படங்கள் வந்தன. முழு அட்டைகள். மூன்றாவது மருந்து இந்த நாட்டில் புழக்கத்திலேயே இல்லாதது. கடைசி நேரத்துக்கென்று மருத்துவமனைகள் பூட்டிவைக்கிற மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது, மாத்திரை வடிவத்தில். அதை இரண்டு இரண்டாகத் தின்றிருக்கிறாள் என் அக்கா.

நான் டாக்டரிடம் ஓடப்பார்த்தேன். அக்கா நைட்டியைப் பிடித்து நிறுத்தினாள், அதாவது நான் கையில் வைத்திருந்த நைட்டியை.

"நீ சொல்லாத. அந்த யாழ்ப்பாணத்துப் புள்ளயக் கூப்புடச் சொல்லு. நானே சொல்றேன்."

சொன்னாள். எப்போதிலிருந்து எரிச்சல், எத்தனை தடவை, எதனால் தண்ணீர் குடிப்பதில்லை, மாத்திரையை எப்போது நிறுத்துவாள், எல்லாவற்றையும். டாக்டரின் கண்ணைப் பார்த்தே சொன்னாள். போனில் அந்தப் பெண் ஒரு சொல்கூட விடாமல் ஸ்வீடிஷில் சொன்னார். நடுவில் ஒரு தடவை மட்டும், விதியை மீறி, "பரவாயில்லை அம்மா, ஆறுதலாச் சொல்லுங்கோ" என்றார். டாக்டர் மூன்றாவது மருந்தின் பெயரைக் கணினியில் தேடி, நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, பெரிய டாக்டரை அழைத்தார். ஒன்றுக்குப் பதில் இரண்டு மருந்து, இரண்டும் வேறு வேறு வழியில் உள்ளே போகிறவை. அன்றைக்கே மாற்றினார்கள்.

பிறகு கிருமியை வளர்த்துப் பார்த்த முடிவு வந்தது. அவர்கள் சந்தேகப்பட்டது சரி. கிருமி உள்ளே மருந்தைச் சிதைக்கிற சரக்கும் வைத்திருந்தது, வாசலையும் அடைத்திருந்தது. பழைய மருந்திலேயே இன்னும் ஒருநாள் விட்டிருந்தால் தாமதமாகியிருக்கும் என்றார் அந்த இளைஞர். அவர் சொன்ன சொல் தாமதம்தான். எனக்கு அது வேறாகக் கேட்டது.

7

அக்கா பிழைத்தாள். எழுந்து உட்கார்ந்ததும் மருத்துவமனைச் சாப்பாட்டைத் திட்டினாள், அதில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. நூரா பள்ளி விட்டு நேராக அங்கே வந்து, "பெரியம்மா தண்ணி குடிச்சாங்களா?" என்று நர்ஸ் மாதிரி விசாரித்தாள். 'குடிச்சாங்களா'வை அழுத்திச் சொன்னாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது, கிருமியை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"அது உன் ஆபீசுக்கு வருமா?"

"வரலாம். ஆனா எதுன்னு எனக்குத் தெரியாது. நம்பர்தான் போட்டிருக்கும்."

"வச்சுக்கட்டும்" என்று சம்மதித்தாள். சலீம் அன்று சாயங்காலம் காலணி அலமாரியைத் திறந்து, நீல டப்பாவை எடுத்துக்கொண்டு, இங்கே பழைய மாத்திரைகளை வாங்கி அழித்துவிடுகிற மருந்துக்கடையில் கொடுத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு கிருமி மேடம் கிண்டல் கொஞ்சநாள் நின்றிருந்தது. இப்போது மறுபடி ஆரம்பித்துவிட்டது, எனக்கும் அது இல்லாமல் சரிப்படவில்லை.

8

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். ஜெல்லை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், ஊர் திரும்பிவிட்ட அக்கா மறுபடி இங்கே வருவதற்காகப் போட்ட இரண்டாவது விசா விண்ணப்பத்துக்குப் பதில் வந்திருந்தது. மறுத்துவிட்டார்கள். காரணம் நீளமாக, மிக மரியாதையாக எழுதியிருந்தது. என் ஸ்வீடிஷில் இரண்டு தடவை படித்தும் காரணம் பிடிபடவில்லை. நூரா படித்துவிட்டு, "காரணமே சொல்லலம்மா" என்றாள்.

மறுநாள் ஆய்வகத்திலிருந்தே அக்காவைக் கூப்பிட்டேன். அரசு மருத்துவமனை வெளிநோயாளி வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். கலகலவென்று சத்தம்.

"மறுபடியும் எரிச்சலா?" என்று பதறினேன்.

"எனக்கில்லடி. என் செக்‌ஷன் புள்ளைக நாலஞ்சு பேரக் கூட்டியாந்திருக்கேன். யூரின் டெஸ்டு எடுக்கணும்ல? எல்லாம் மெடிக்கல்ல மாத்திரை வாங்கித் திங்குற கேசுக. வெக்கப்படுதுக. நான் கெடந்த கதையச் சொல்லித்தான் இழுத்துட்டு வந்தேன்." வரிசையில் நின்ற ஊருக்கே கேட்கும்படி சொன்னாள். எரிச்சல் என்ற சொல்லை நான்தான் தணிந்த குரலில் சொன்னேன், அவள் எதையும் தணித்துச் சொல்லவில்லை.

விசா விஷயத்தைச் சொன்னேன். சிரித்தாள்.

"நல்லா இருக்குடி உங்க நாயம். என்னைய வரக்கூடாதுன்றாக. என் கிருமிக்கு மட்டும் ஐஸ்பெட்டில நெரந்தரமா எடம் போட்டுக் குடுத்திருக்காகளாக்கும்?"

நானும் சிரித்தேன், பாதியில் குரல் உடைந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்துவிடும், எப்போதும் தெரிந்துவிடும். ஆகவே ஜெல்லைப் பற்றிச் சொன்னேன். இரண்டு கோடு இல்லாத ஒன்று வந்திருக்கிறது, உன்னுடையதாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், கேட்கவும் முடியாது, நேற்றிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை என்று.

"கேட்டு என்ன பண்ணப்போற? என்னோடதுன்னா மட்டும் கூடக் கொஞ்சம் நல்லாப் பாப்பியா?"

அங்கே யாரோ அவளை முன்னால் நகரச் சொன்னார்கள்.

"அம்புட்டும் யாரோ ஒரு அக்காளோடதுதானடி. எது என்னோடதுன்னு தெரியாட்டி, எல்லாத்தையும் என்னோடதுன்னு நெனச்சுக்கிட்டுப் பாரு. வரிசை வந்துருச்சு, வைக்கிறேன். நீ தண்ணி குடி."

தண்ணீர் குடித்தேன். பிறகு உறைபெட்டியைத் திறந்து, அடுத்த எண் போட்ட குழாயை எடுத்துக் கைச்சூட்டில் வைத்துக்கொண்டேன்.